பழைய கிரேக்க வானியலில் முதல் நாற்காலி ஹிப்பார்க்கஸுக்கா? பேசுவோம்

வானவீதி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பழைய கிரேக்க வானியல் என்று பேச்சை எடுத்தாலே தாலமி, அரிஸ்டார்க்கஸ், எரடோஸ்தனீஸ் என்று சுற்றிச் சுற்றி அதே பெயர்கள்தான் வருகின்றன. என்னைக் கேட்டால் முதல் நாற்காலியை ஹிப்பார்க்கஸுக்குத்தான் போடுவேன். ஏன் என்று சொல்கிறேன். வெட்டியும் ஒட்டியும் பேசுங்கள்.

ஆள் யார் என்று சுருக்கமாக: பிறந்தது பித்தினியா நாட்டு நைசியாவில். இன்றைக்குத் துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஊர். காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. வானத்தைப் பார்த்துக் குறித்தது பெரும்பாலும் ரோட்ஸ் தீவில். அவர் பார்த்தவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க குறிப்புகள் கி.மு. 147 முதல் 127 வரைக்கும் இருக்கின்றன. ரோமானியர் காலத்தில் நைசியா ஊர்க்காரர்கள், ஒரு கோளத்தின் முன் அவர் உட்கார்ந்திருப்பது போல நாணயமே அடித்தார்கள்.

என் கட்சி இதுதான்: சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் மட்டும் போய், அங்கே நின்றுகொள்ளத் தெரிந்த மனிதர் அவர். இரண்டு உதாரணம் தருகிறேன்.

முதலில் ஆண்டின் நீளம். அந்தக் காலத்தில் 365¼ நாள் என்பதுதான் பொதுவான கணக்கு. கி.மு. 280இல் அரிஸ்டார்க்கஸ் கோடைத் திருப்பத்தை, அதாவது சூரியன் வடக்கே போய்த் திரும்பும் நாளைக் குறித்து வைத்திருந்தார். கி.மு. 135இல் ஹிப்பார்க்கஸ் அதே திருப்பத்தைத் தாமே பார்த்தார். இடையில் 145 ஆண்டு. 365¼ கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு அரை நாள் முன்னதாகவே திருப்பம் வந்துவிட்டது. 145 ஆண்டில் அரை நாள் என்றால், ஏறக்குறைய 300 ஆண்டில் ஒரு நாள். ஆகவே ஆண்டு என்பது 365¼ நாளில் 1/300 நாள் குறைவு என்று முடிவு செய்தார். அது 365 நாள் 5 மணி 55 நிமிடச் சொச்சம். இன்றைய கணக்கு 5 மணி 49 நிமிடம். தொலைநோக்கி வருவதற்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முன்னால், வித்தியாசம் வெறும் 6 நிமிடம்!

இரண்டாவது உதாரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் அவர் கணித மாதிரி கட்டினார். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்துக்கும் கட்டவில்லை. முன்னோர் குறித்து வைத்ததையும் தாம் பார்த்ததையும் ஒழுங்காக அடுக்கினார், அன்றைக்கு வழக்கில் இருந்த கோட்பாடுகள் இந்தக் குறிப்புகளோடு ஒத்துவரவில்லை என்று காட்டினார், அதோடு விட்டுவிட்டார். இதைத் தாலமியே பதிவு செய்திருக்கிறார். ஊரெல்லாம் ஆளுக்கொரு பிரபஞ்ச வரைபடம் வைத்திருந்த காலத்தில், "இதற்கு இன்னும் போதுமான குறிப்பு சேரவில்லை" என்று ஒருவர் நிற்பது லேசுப்பட்ட காரியமா?

---

இளங்கலை_2ஆம்_ஆண்டு எழுதியது:

அருமையான தொடக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். இவருடைய நூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன என்று படித்தேன். அப்படியானால் இவ்வளவு விவரம் எங்கிருந்து கிடைக்கிறது?

---

ஏடுதேடி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. முழுசாகக் கைக்கு வந்திருப்பது ஒரே ஒரு நூல்தான். அதுவும் ஒரு கவிதைக்கு எழுதிய விமரிசனம்!

அராட்டஸ் என்ற கவிஞர் விண்மீன் கூட்டங்களைப் பற்றி நீண்ட பாட்டு ஒன்று எழுதியிருந்தார். யூடாக்ஸஸ் என்ற பழைய வானியலாளரின் உரைநடையை வைத்துக் கட்டிய பாட்டு. அது கிரேக்க உலகம் முழுக்கப் பரவி, ஜனங்கள் அதைப் படித்தே வானத்தைத் தெரிந்துகொண்டார்கள். எந்தக் கூட்டம் எப்போது உதிக்கும், எது மறையும்போது எது எழும் என்பதில் பாட்டில் நிறையத் தவறு. ஹிப்பார்க்கஸ் மூன்று பாகமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். கவிஞரைத் திட்டவில்லை. அவர் யூடாக்ஸஸை நம்பி எழுதினார், தவறு அங்கிருந்து வந்தது என்கிறார். அடுத்து யூடாக்ஸஸிடம் போகிறார். வடதுருவத்தில் அசையாத விண்மீன் ஒன்று இருக்கிறது என்று யூடாக்ஸஸ் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் விண்மீனே இல்லை, வெற்றிடம்தான், பக்கத்தில் மூன்று மீன்கள் இருக்கின்றன, துருவத்தையும் சேர்த்தால் ஒரு நாற்கரம் போல வரும் என்று ஹிப்பார்க்கஸ் மறுக்கிறார். மசாலியாவைச் சேர்ந்த கடலோடி பித்தியாஸ் இதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்கிறார். நாம் இன்றைக்குத் துருவ நட்சத்திரம் என்கிற மீன் அப்போது துருவத்திலிருந்து 12 டிகிரி தள்ளி இருந்தது.

மற்றதெல்லாம் அடுத்தவர் நூல்கள் வழியாக வந்தது. ஆண்டு, மாதம், பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாள் பற்றியவை தாலமியின் அல்மாஜெஸ்ட் என்ற வானியல் நூல் வழியாக. எரடோஸ்தனீஸின் புவியியலை அவர் கிழித்துத் தொங்கவிட்டது புவியியலாளர் ஸ்டிராபோ வழியாக. சந்திரனின் தூரம் கணிதர் பாப்பஸ் வழியாக. விண்மீன் பட்டியல் பற்றிய செய்தி ரோமானிய எழுத்தாளர் பிளினி வழியாக. முன்பு இல்லாத ஒரு விண்மீன் புதிதாகத் தோன்றியதைப் பார்த்தார், மீன்கள் பிறக்குமா அழியுமா நகருமா என்று பிற்காலத்தவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்றே பட்டியல் போட்டார் என்கிறார் பிளினி.

---

சித்திரைமீன் எழுதியது:

பட்டியல் பற்றிப் பேச்சு வந்ததால் நான் புகுந்துவிடுகிறேன். என் பெயரிலேயே இருக்கிற சித்திரை மீன்தான் ஹிப்பார்க்கஸுக்கு அழியாப் புகழ் வாங்கிக் கொடுத்தது. மேற்கத்தியர் ஸ்பைக்கா என்று சொல்லும் அதே மீன். கன்னி ராசியில் வெண்மையாக ஒளிரும்.

ஒரு விண்மீன் வானத்தில் எந்த டிகிரியில் இருக்கிறது என்று எப்படி அளப்பது? பகலில் சூரியன் தெரியும், மீன் தெரியாது. இரவில் மீன் தெரியும், சூரியன் தெரியாது. அவர் கையாண்ட வழி சந்திர கிரகணம். கிரகண உச்சத்தில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே, 180 டிகிரியில் நிற்கும். அன்றைக்குச் சூரியன் எங்கே என்பது தேதியை வைத்தே தெரியும். 180ஐக் கூட்டினால் சந்திரன் நிற்கும் இடம். அங்கிருந்து சித்திரை மீன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்துவிட்டால் தீர்ந்தது. சந்திரன் பக்கத்தில் இருப்பதால் அதன் இடமாறு தோற்றத்துக்கு, அதாவது பார்க்கும் இடத்தைப் பொறுத்து அது இடம் மாறித் தெரிவதற்கு, ஒரு சிறு திருத்தம் வேண்டும், அவ்வளவுதான். மார்ச், ஏப்ரல் மாதக் கிரகணங்களில் சந்திரன் சித்திரைக்குப் பக்கத்தில் வரும் என்பதால் அளப்பதும் சுலபம்.

அப்படி அவர் பயன்படுத்திய கிரகணங்கள் இரண்டு. கி.மு. 146 ஏப்ரலில் ஒன்று, கி.மு. 135 மார்ச்சில் ஒன்று. முதல் கிரகணத்தில், சித்திரை மீன் இலையுதிர்கால சம இரவுப் புள்ளிக்கு (அந்தச் சம இரவு நாளில் சூரியன் நிற்கும் இடத்துக்கு) 6½ டிகிரி முன்னால் இருப்பதாக வந்தது. இரண்டாவதில் 5¼ டிகிரி. பதினொரு ஆண்டில் ஒரு மீன் 1¼ டிகிரி நகர்ந்திருக்க முடியாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் சொல்லவில்லை. இரண்டையும் எழுதிவைத்து, இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். தோராயமாக 6 டிகிரி என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

அப்புறம் பழைய குறிப்பைத் தேடினார். அலெக்சாந்திரியாவில் டிமோகாரிஸ் என்பவர் சுமார் 150 ஆண்டு முன்பு அதே மீனை அளந்திருந்தார். அது 8 டிகிரி. இப்போது 6. இரண்டு டிகிரி எங்கே போனது? விண்மீன்கள் எல்லாம் சம இரவுப் புள்ளியைப் பார்க்க மொத்தமாக நகர்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். இதைத்தான் அயன சலனம் என்கிறோம். பூமியின் அச்சு, பம்பரம் தலையாட்டுவது போல, சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெல்ல ஆடுகிறது. அதனால் புள்ளிதான் பின்னால் போகிறது.

வானவீதி சொன்னதற்கு வலு சேர்க்கிற விஷயம் இங்கே இருக்கிறது. 150 ஆண்டில் 2 டிகிரி என்றால் 75 ஆண்டுக்கு ஒரு டிகிரி. உண்மை மதிப்பு 72 ஆண்டு. ஆனால் அவர் 75 என்று அடித்துச் சொல்லவில்லை. "நூறு ஆண்டில் 1 டிகிரிக்குக் குறையாது" என்று அடிமட்ட அளவை மட்டும் சொன்னார். டிமோகாரிஸின் அளவை எவ்வளவு நம்பலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

---

வாக்கியம்_திருக்கணிதம் எழுதியது:

அக்கா, இதை எங்கள் பக்கம் அயனாம்சம் என்பார்கள். நம் நாட்காட்டி நட்சத்திரங்களை வைத்து ஓடுகிறது, பருவங்கள் சம இரவுப் புள்ளியை வைத்து ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் விழுந்திருக்கும் இடைவெளி இப்போது 24 டிகிரிக்குச் சற்று மேலே. சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகரும் என்பதால் நாள் கணக்கிலும் 24 வரும். வசந்தகால சம இரவு நாள் மார்ச் 20, 21. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. கழித்துப் பாருங்கள். தை முதல் நாள்தான் உத்தராயணப் பிறப்பு என்கிறோம். சூரியன் உண்மையில் டிசம்பர் 21, 22லேயே வடக்கே திரும்பிவிடுகிறது. அதுவும் இதே இடைவெளிதான்.

இன்னொன்று. இந்திய அரசின் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1950களில் அயனாம்சத்தை நிர்ணயித்தபோது வைத்துக்கொண்ட அடையாளம் எது தெரியுமா? அதே சித்திரை மீன். அதனால்தான் அதற்குச் சித்ரா பக்ஷ அயனாம்சம் என்று பெயர். அந்தக் கணக்குப்படி சித்திரை மீன் சரியாக 180 டிகிரியில், இலையுதிர்கால சம இரவுப் புள்ளியிலேயே இருந்தது கி.பி. 285 வாக்கில்.

---

எதற்கும்_ஒரு_கேள்வி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் பாபிலோனியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் களிமண் பலகையில் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு கிரேக்கர் பெயர் வாங்கிக்கொண்டார்கள் என்றும் ஒரு தரப்பு இருக்கிறதே? சந்திர மாதத்தின் நீளம் ஹிப்பார்க்கஸ் கண்டுபிடித்தது என்று இன்னமும் பல இடங்களில் எழுதுகிறார்கள்.

---

வானவீதி எழுதியது:

இந்தக் கேள்வியை நான் வரவேற்கிறேன். மாத நீளம் அவர் கண்டுபிடித்ததே கிடையாது. அதில் மழுப்பிப் பேச ஒன்றும் இல்லை.

29 நாள், 12 மணி, 44 நிமிடம், 3⅓ நொடி. இது ஹிப்பார்க்கஸின் மதிப்பு என்று தாலமியைப் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். 1900இல் கூக்ளர் என்ற ஜெர்மன் பாதிரியார் பாபிலோனியப் பலகைகளைப் படித்து, அச்சு அசல் அதே எண் அங்கே இருப்பதைக் காட்டினார். எண் மட்டும் இல்லை. சந்திரன் வேகமாகவும் மெதுவாகவும் போகும் சுழற்சி 269 முறை நடந்தால் அமாவாசை 251 முறை வரும் என்ற பொருத்தமும் அங்கிருந்து வந்ததுதான். இன்றைய சராசரி மாதத்துக்கும் அந்த எண்ணுக்கும் வித்தியாசம் அரை நொடிக்குள். பாபிலோனியக் கணக்கர்களுக்குச் சேரவேண்டிய பெருமை அது, முழுசாகச் சேரட்டும்.

பிறகு ஹிப்பார்க்கஸ் என்ன செய்தார்? பாபிலோனியர் எண் வரிசைகளை வைத்துச் சந்திரனை முன்கூட்டிச் சொன்னார்கள். கிரேக்கர்கள் வட்டம் போட்டுப் படம் வரைந்தார்கள், அந்தப் படங்களில் அளவு இல்லை. இவர்தான் அந்த எண்களை இந்தப் படத்துக்குள் கொண்டுவந்து பொருத்தினார். சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தம் 94½ நாள், கோடை 92½ நாள் என்று கணக்கெடுத்தார். சூரியன் ஒரே வேகத்தில் வட்டமாகப் போகிறது என்றால் பருவங்கள் சமமாக இருக்கவேண்டும். இல்லையே! அப்படியானால் வட்டத்தின் மையம் பூமியில் இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. எவ்வளவு தள்ளி? ஆரத்தில் 24இல் ஒரு பங்கு. எந்தத் திசையில் என்பதையும் கணக்கிட்டுச் சொன்னார். இரண்டே இரண்டு பருவ நீளத்தை வைத்துக்கொண்டு சூரியன் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். பாபிலோன், கிரேக்கம் இரண்டு மரபையும் தெரிந்த ஒருவரால்தான் இது முடியும்.

1901இல் ஆண்டிகைதீரா தீவுக் கடலடியிலிருந்து எடுத்த வெண்கலப் பல்சக்கர இயந்திரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சந்திரன் வேகம் மாறுவதைக் காட்ட அதில் ஒரு முளையும் ஒரு நீள்துளையும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஹிப்பார்க்கஸ் சொன்ன சந்திர இயக்கத்தை உலோகத்தில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது.

---

வாக்கியம்_திருக்கணிதம் எழுதியது:

வேகச் சுழற்சி பற்றிச் சொன்னதும் கை பரபரக்கிறது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனுக்கு 248 வாக்கியம் உண்டு. ஒவ்வொரு வாக்கியமும், வரிசை தொடங்கியதிலிருந்து அந்த நாள் வரை சந்திரன் மொத்தம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும். 248 நாளில் அந்த வேகச் சுழற்சி சரியாக 9 முறை முடிந்து, வரிசை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதே 248 நாள், 9 சுழற்சி என்ற பொருத்தம் பாபிலோனியப் பலகையிலும் இருக்கிறது, கிரேக்கப் பாப்பிரஸ் சுருள்களிலும் இருக்கிறது. 1825இல் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணையெல்லாம் மனப்பாடமாகவே சொல்லி, சந்திர கிரகணம் கணித்ததை எழுதிவைத்திருக்கிறார். 1952இல் வானியல் வரலாற்றாய்வாளர் நாய்கபாவர் இதைப் படித்துவிட்டுத் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். ஹிப்பார்க்கஸ் கையாண்ட அதே வகைக் கணக்கு நம் ஊர்த் திண்ணையில் உயிரோடு இருந்திருக்கிறது.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

இவ்வளவு பேசியும் சந்திரன் தூரத்துக்கு யாரும் வரவில்லையே. நான் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு சூரிய கிரகணம். இன்றைய துருக்கியில் உள்ள ஹெலஸ்பாண்ட் நீரிணைப் பக்கம் சூரியன் முழுசாக மறைந்தது. அலெக்சாந்திரியாவில் ஐந்தில் நான்கு பங்குதான் மறைந்தது. ஒரே சந்திரன், ஒரே சூரியன், பார்க்கும் இடம் வேறு. மிச்சம் தெரிந்த ஐந்தில் ஒரு பங்குதான் சந்திரனின் இடமாறு தோற்றம். சூரியனின் அகலம் அரை டிகிரி, அதாவது 30 கலை. அதில் ஐந்தில் ஒன்று 6 கலை. இரண்டு ஊருக்கும் அட்சரேகையில் சுமார் 9 டிகிரி வித்தியாசம், பூமியின் ஆரத்தை 1 என்று வைத்தால் அவற்றுக்கு நடுவே உள்ள நேர்கோடு 0.157. இவ்வளவு நீளமான கோடு 6 கலைக் கோணமாகத் தெரியவேண்டும் என்றால் எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும்? 0.157ஐ 0.001745ஆல் வகுங்கள். 90 வரும். சந்திரன் தலைக்கு நேரே இல்லாமல் சாய்வாக இருந்ததால் அந்தக் கோடு குறுகித் தெரியும், விடையும் குறையும். சூரியன் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, சந்திரன் மிக அருகில் வரும்போது 71 பூமி ஆரம், மிகத் தொலைவில் 83 என்று அவர் சொன்னார்.

இங்கேயும் அதே குணம் பாருங்கள். அவர் அத்தோடு நிற்கவில்லை. சூரியன் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியாதே. ஆகவே இன்னொரு நூலில், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குள் சூரியனுக்கும் இடமாறு தோற்றம் இருக்கலாம் என்று கொண்டு, சூரியனை 490 பூமி ஆரத்தில் வைத்து மறுபடி கணக்கிட்டார். அப்போது சந்திரனின் சராசரித் தூரம் 67⅓. உண்மை 60 சொச்சம். தெரியாத ஒன்றுக்கு இரண்டு எல்லையையும் வைத்துப் பார்த்து, விடை எதற்குள் அடங்கும் என்று சொல்கிற முறை இது. இன்றைக்கு ஆய்வகத்தில் பிழை எல்லை போடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

இதற்கெல்லாம் வட்டத்தின் நாண் நீளம் தெரிந்தாக வேண்டும். அவர் நாண்களைப் பற்றிப் பன்னிரண்டு பாகமாக எழுதினார் என்கிறார் பிற்கால உரையாசிரியர் தியோன். அந்த அட்டவணை 7½ டிகிரி இடைவெளியில், ஆரம் 3438 என்று வைத்துப் போடப்பட்டிருக்கலாம் என்று 1973இல் வரலாற்றாய்வாளர் டூமர் வாதாடினார். ஆரியபட்டரின் சைன் மதிப்புகளும் அதே 3438 ஆரத்தில், அதில் பாதியான 3¾ டிகிரி இடைவெளியில் வருகின்றன. டூமரின் வாதத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 3438 என்பது 21,600 கலையை 2π ஆல் வகுத்தால் வரும் எண்தான். இரண்டு பேர் தனித்தனியாகவும் அங்கே வந்து சேரலாம்.

---

எதற்கும்_ஒரு_கேள்வி எழுதியது:

பாபிலோன் விஷயத்தில் வானவீதியின் பதில் எனக்குத் திருப்தி. இப்போது தாலமி. அவருடைய விண்மீன் பட்டியல் ஹிப்பார்க்கஸின் பட்டியலைத் திருடியதுதான் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். 1977இல் ராபர்ட் நியூட்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதற்காக ஒரு புத்தகமே போட்டார். அது உண்மையா?

---

ஏடுதேடி எழுதியது:

இதில் நான் தாலமி பக்கம் கொஞ்சம் நிற்பேன்.

குற்றச்சாட்டு பலமானதுதான். தாலமியின் பட்டியலில் ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்கள். அவருக்கும் ஹிப்பார்க்கஸுக்கும் இடையே 265 ஆண்டு. நூறாண்டுக்கு 1 டிகிரி என்ற கணக்கில் 2 டிகிரி 40 கலை கூட்டவேண்டும். உண்மையான நகர்வோ 3 டிகிரி 40 கலை. தாலமியின் எண்கள் சராசரியாக 1 டிகிரி குறைவாக இருக்கின்றன! பழைய பட்டியலை எடுத்து 2 டிகிரி 40 கலை கூட்டிவிட்டார் என்று நினைப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஹிப்பார்க்கஸ் "குறையாது" என்று சொன்ன அடிமட்ட அளவை, தாலமி "இவ்வளவுதான்" என்று ஆக்கியதன் விளைவு இது.

ஆனால் 2022இல் ஒரு புதுச் சான்று வந்தது. சினாய் மலை புனித கேத்தரின் மடத்திலிருந்து வந்த ஒரு தோல் ஏடு. மேலே சிரியாக் மொழியில் சமய நூல். அடியில் சுரண்டி அழிக்கப்பட்ட கிரேக்க எழுத்து. பல அலைநீள ஒளியில் படம் எடுத்து அடி எழுத்தைப் படித்தார்கள். கைசெம்பெர்க், வில்லியம்ஸ், சிங் மூவரும் வெளியிட்டார்கள். கொரோனா பொரியாலிஸ் என்ற விண்மீன் கூட்டத்துக்கு அளவு இருந்தது: நீளம் 9¼ டிகிரி, விருச்சிகத்தின் முதல் டிகிரியிலிருந்து 10¼ வரை. அகலம் 6¾ டிகிரி, வடதுருவத்திலிருந்து 49 முதல் 55¾ வரை. அயன சலனத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் இந்த எண்கள் கி.மு. 129 வாக்கில், அதாவது ஹிப்பார்க்கஸ் காலத்தில், வந்து பொருந்துகின்றன. பிழை ஒரு டிகிரிக்குள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஹிப்பார்க்கஸ் துருவத்திலிருந்து அளந்திருக்கிறார், அதாவது வான நடுவரையை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் வட்டத்தை) அடிப்படையாக வைத்திருக்கிறார். தாலமி கதிர்வீதியை, அதாவது வானத்தில் சூரியன் போகும் பாதையை, அடிப்படையாக வைத்தார். இரண்டாவது, இந்த எண்களைத் தாலமியின் முறைக்கு மாற்றினால் அப்படியே அவருடைய எண்கள் வந்துவிடுவதில்லை. ஆகவே வரிக்கு வரி பார்த்து எழுதினார் என்பது நிற்காது. பல ஊற்றிலிருந்து எடுத்திருப்பார், சிலவற்றைத் தாமும் அளந்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன். ஹிப்பார்க்கஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்தவரும் தாலமிதான். உழைப்பையும் உண்மையையும் நேசித்தவர் என்று ஹிப்பார்க்கஸைப் பாராட்டுவதும் அவர்தான். திருட நினைப்பவர் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் சொல்வாரா?

---

எதற்கும்_ஒரு_கேள்வி எழுதியது:

கடைசி வாதம் எனக்கு ஒப்பில்லை. பெயரைச் சொல்லிப் பெரும்பாலானதை எடுத்துக்கொள்ளவும் முடியும். ஒரே ஒரு விண்மீன் கூட்டத்தின் அளவை வைத்து ஆயிரம் மீன்களுக்குத் தீர்ப்பு எழுதவும் முடியாது. அந்த 1 டிகிரிக் குறைவு அப்படியே நிற்கிறது.

---

ஏடுதேடி எழுதியது:

நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாலமியின் சூரியக் கணக்கும் அவர் காலத்தில் ஏறக்குறைய 1 டிகிரி பின்தங்கித்தான் இருந்தது. சூரியனை அடிப்படையாக வைத்துத் தாமே புதிதாக அளந்திருந்தாலும் அதே 1 டிகிரிக் குறைவு வந்திருக்கும். ஆகவே அந்தக் குறைவு ஒன்றை மட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது என்பதுதான் என் பக்கம்.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

சண்டைக்கு நடுவில் கணிதம் ஒன்று. இதைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது.

ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ், வெறும் பத்துக் கூற்றுகளைச் சேர்த்தாலே பத்து லட்சத்துக்கு மேல் கூட்டுக் கூற்றுகள் வரும் என்று சொன்னாராம். அதை ஹிப்பார்க்கஸ் மறுத்தார், சரியான எண் 103,049 என்றார், மறுப்பையும் சேர்த்தால் 310,952 என்றார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் போகிற போக்கில் எழுதிவைத்திருக்கிறார். எங்கிருந்து வந்த எண் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1994இல் டேவிட் ஹவ் என்ற ஆய்வு மாணவர், 103,049 என்பது பத்தாவது ஷ்ரோடர் எண் என்று கவனித்தார். ஷ்ரோடர் என்ற ஜெர்மன் கணிதர் 1870இல் எழுதியது அது.

எதை எண்ணுகிறது? வரிசையாக நிற்கும் பொருள்களுக்கு எத்தனை விதமாக அடைப்புக்குறி போடலாம் என்பதை. மூன்று பொருள் என்றால் 3 விதம்: அஆஇ, (அஆ)இ, அ(ஆஇ). நான்கு என்றால் 11 விதம்:

அஆஇஈ, (அஆ)இஈ, அ(ஆஇ)ஈ, அஆ(இஈ), (அஆ)(இஈ), (அஆஇ)ஈ, அ(ஆஇஈ), ((அஆ)இ)ஈ, (அ(ஆஇ))ஈ, அ((ஆஇ)ஈ), அ(ஆ(இஈ)).

ஐந்துக்கு 45, ஆறுக்கு 197, ஏழுக்கு 903, எட்டுக்கு 4,279, ஒன்பதுக்கு 20,793, பத்துக்கு 103,049. தற்செயலாக இப்படி ஒரு எண் விழாது. இரண்டாவது எண்ணுக்கும் 1998இல் விளக்கம் வந்தது. அந்தக் கணக்கில் விடை 310,954. புளூட்டார்க்கில் 310,952. இரண்டாயிரம் ஆண்டு கைமாறி வந்ததில் விலகல் இரண்டே இரண்டு. வானியலாளர் என்றே அவரைச் சொல்கிறோம். சேர்மானக் கணிதத்தில் இந்த அளவுக்கு அன்றைக்கு அவர் போயிருக்கிறார்.

---

இளங்கலை_2ஆம்_ஆண்டு எழுதியது:

சார், இந்தப் பதினொன்றையும் நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஐந்துக்கு 45 வரைக்கும் போட்டுவிட்டேன்.

வானவீதி அண்ணா, எனக்கு இன்னொரு நெருடல். அரிஸ்டார்க்கஸ் அதற்கு முன்பே பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார். ஹிப்பார்க்கஸ் பூமியை நடுவிலேயே வைத்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

வானவீதி எழுதியது:

தம்பி, பூமி சுற்றுகிறது என்றால் ஆறு மாத இடைவெளியில் விண்மீன்கள் கொஞ்சமாவது இடம் மாறித் தெரியவேண்டும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஒரு விண்மீனில் அந்த இடமாற்றத்தை முதன்முதலில் நம்பத்தகுந்த வகையில் அளந்தது 1838இல், பெஸ்ஸல். அதுவும் நல்ல தொலைநோக்கியை வைத்துக்கொண்டு. ஹிப்பார்க்கஸ் கையில் இருந்த சான்றுக்குப் பூமி நடுவில் இருந்தாலும் சூரியன் நடுவில் இருந்தாலும் சூரியக் கணக்கு ஒன்றேதான். நான் அதை அவர் மேல் குறையாகச் சொல்லமாட்டேன். அதே இடமாற்றத்தை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு அளக்க 1989இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய செயற்கைக்கோளுக்கு ஹிப்பார்க்கோஸ் என்று பெயர் வைத்ததும் பொருத்தம்தான்.

---

இளங்கலை_2ஆம்_ஆண்டு எழுதியது:

நன்றி அண்ணா. சித்திரைமீன் அக்கா, ஒரு கணக்குப் போட்டேன், சரியா பாருங்கள். ஹிப்பார்க்கஸ் காலத்தில் சித்திரை 180க்கு 6 டிகிரி முன்னால், அதாவது 174. இன்றைக்கு 204 டிகிரி. மொத்தம் 30 டிகிரி. கி.மு. 135இலிருந்து 2025 வரை 2,159 ஆண்டு. வகுத்தால் டிகிரிக்கு 72 ஆண்டு வருகிறது.

---

சித்திரைமீன் எழுதியது:

சரியாக வந்திருக்கிறது தம்பி. இன்னொரு படி போ. 174இலிருந்து 180க்கு வர 6 டிகிரி வேண்டும். ஆறை 72ஆல் பெருக்கினால் 432 ஆண்டு. கி.மு. 135இலிருந்து எண்ணினால் கி.பி. 298 வாக்கில் விழும். மேலே பஞ்சாங்கக்காரர் சித்ரா பக்ஷத்துக்குச் சொன்ன ஆண்டு 285. பதின்மூன்று ஆண்டு வித்தியாசத்தை டிகிரியாக்கினால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிரகணத்தில் 6½, இன்னொன்றில் 5¼ என்று வந்ததை வைத்து அவர் எடுத்த 6 எவ்வளவு நல்ல எண் என்பதற்கு இது போதும். ஏப்ரல், மே மாத இரவுகளில் சித்திரை நன்றாக மேலே ஏறி இருக்கும். சப்தரிஷி மண்டலத்தின் வாலை வளைவாகவே நீட்டினால் முதலில் சுவாதி, அதே வளைவில் அடுத்தது சித்திரை.